தங்கவயலின் இரும்பு உலக்கைகள்

கோலார் தங்கவயல் என்றதும் பேச்சு நேராகச் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம், பாறை வெடிப்பு, புழுக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயிரைப் பணயம் வைத்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் மேலே வந்தது வெறும் கல். அதைப் பொடியாக்கித் தங்கத்தைப் பிரித்தது அரவை ஆலை.

1880-இல் லண்டன் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வேலைக்கு வந்தனர்.

முதலில் வந்த இயந்திரத்தைப் புரிந்துகொள்ள நம் உரலும் உலக்கையும் போதும். ஐந்து இரும்பு உலக்கைகள் ஒரு வரிசை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 கிலோ. சுழலும் தண்டு தூக்கிவிட, நிமிடத்துக்கு 90, 100 முறை கல்லின்மேல் விழும். நீரோடு குழைந்த பொடி சல்லடை வழியே வெளியேறி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள்மேல் ஓடும். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை வழித்தெடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், தங்கம் தங்கும். அந்த ஆவி நரம்புகளைக் கெடுக்கும் நஞ்சு.

இந்த இயந்திரத்தை ஓட்டுவதற்குக் காது வேண்டும். கல் குறைந்தால் இரும்பு இரும்பையே அடித்து, ஓசை கூர்மையாகும். கூடிப்போனால் அடி மந்தமாகும். உலக்கையின் அடிப்பூண் தேயத் தேய விழும் தூரம் கூடும். அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். சல்லடை கிழிந்தாலோ, அரைபடாத பரல்கள் தங்கத்தைச் சுமந்தபடி கழிவில் போய்ச் சேரும்.

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டம் அது. நிறைவேறியதைப் பார்க்க அவர் இல்லை.

இதற்கிடையே சயனைடு முறையும் பரவியிருந்தது. 1887-இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டறிந்த முறை. சயனைடு கரைசல் தங்கத்தைத் தொட்டால்தான் கரைக்கும். ஆகவே கல்லை மாவு போல் அரைத்தாக வேண்டும். அதற்கு இரும்புக் குண்டுகள் உருளும் பெரிய உருளைகள் வந்தன.

உருளையை வேகமாகச் சுற்றினால் அதிகம் அரையும் என்று தோன்றும். அது தவறு. 4 மீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 21 சுற்றை எட்டினால் குண்டுகள் சுவரோடு ஒட்டிச் சுற்றும், கல் அரையாது. அதன் முக்கால் பங்கு வேகமே சரி. இன்னொன்று: கல் அளவு மீறித் திணிந்தால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறாமல் இறங்கும். விவரம் தெரியாதவர் இன்னும் கல்லைக் கொட்டிவிடுவார். அனுபவசாலி கல்லை நிறுத்திவிட்டு, குண்டுகளின் ஓசை திரும்பும்வரை காத்திருப்பார்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆலைகளும் அடங்கின. அவை அரைத்த பொடி மட்டும் 3 கோடி டன்னுக்கும் மேலாக ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. மிச்சத் தங்கத்தை அதிலிருந்து எடுப்பது பற்றி அடிக்கடி பேச்சு எழுகிறது. காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூசி, சுரங்கத்தில் உழைத்த குடும்பங்களின் வீடுகளுக்குள்தான் வந்து படிகிறது. எதை எடுப்பதானாலும், முதலில் அதைத் தடுக்க வழி செய்யுங்கள்.