உமிழ்நீர் உரைக்கும் செய்தி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே, எங்கள் களுவாஞ்சிக்குடிப் பகுதியில், விருந்தினர் முன் வைக்கப்படும் முதற்பொருள் வெற்றிலை வட்டா. அதனை மறுத்தல் மரியாதையன்று என்பது முன்னோர் கொள்கை. ஆயினும், புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

வாய்ப்புற்று ஒரே நாளில் முற்றுவதன்று. பலருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமோ செம்படலமோ முன்னரே தோன்றும். வலி இராமையால் அதனைப் பொருட்படுத்துவார் இலர். தொடக்கத்திலேயே கண்டால் உயிரைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. அங்ஙனம் கண்டறியும் கருவி ஒன்றின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1956ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லீலண்ட் கிளார்க், குருதியிலுள்ள ஒட்சிசனை அளக்கும் மின்வாய் ஒன்றை அறிவித்தார். 1962இல் அவரும் சாம்ப் லயன்சும், அம்மின்வாயுடன் நொதியம் ஒன்றை இணைத்துக் குளுக்கோசையும் அளக்கலாம் எனக் காட்டினர். நீரிழிவு நோயாளர் வீட்டிலே விரல்நுனிக் குருதியைச் சோதிக்கும் சிறுகருவி அம்மரபில் வந்ததே.

வாய்ப்புற்று உடையோரின் உமிழ்நீரில் சைஃப்ரா 21-1 எனும் புரதத்துண்டு மிகுதியாகக் காணப்படும். 2015ஆம் ஆண்டளவில் தில்லித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. டி. மல்கோத்ராவின் குழுவினர் அதனை அளக்கும் மின்வாயை ஆக்கினர். சேர்க்கோனியம் ஒட்சைட்டின் நுண்துகள்களை மின்வாயின்மேற் படியச் செய்து, அப்புரதத்தை மட்டுமே பற்றும் பிறபொருளெதிரியை அவற்றின்மேற் பொருத்தினர். புரதம் பற்றியதும் மின்னோட்டம் மாறும். அம்மாற்றமே அளவைக் காட்டும். ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் பங்கே நனோமீற்றர். அவ்வளவையால் அளக்கத்தக்க நுண்துகள்களுக்குப் பருமனை நோக்க மேற்பரப்பு மிக அதிகம். ஆதலின் பிறபொருளெதிரிகள் ஏராளமாக இடங்கொள்ளும். ஊசியும் வேண்டா, கத்தியும் வேண்டா. சிறிது உமிழ்நீர் போதும்.

இத்தகைய கருவி ஆய்வுகூடத்திலிருந்து கிராம வைத்தியசாலைக்கு வருமுன் பல சோதனைகளைக் கடத்தல் வேண்டும். வந்துவிட்டாலும் அது மட்டும் போதுமா? எம் நாட்டு அனுபவம் ஒன்று விடை பகர்கின்றது. 1980களின் தொடக்கத்தில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் இலங்கைக் கிராமங்களிற் பல்லாயிரவரின் வாயைப் பரிசோதித்தனர். ஐயத்துக்குரியவற்றை அவர்கள் நன்கு இனங்கண்டனர். ஆனால், மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேரே சென்றனர் என்று 1984இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. எஞ்சியோரைத் தடுத்தது அச்சமோ, அசட்டையோ, வேலைப்பளுவோ, நோயோ அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே, வட்டாவை விலக்குதல் முதற்கடன். இரு வாரங்களில் ஆறாத புண்ணோ, படலமோ, வாய் திறப்பதில் இறுக்கமோ காணின், வைத்தியசாலையிற் பல் வைத்தியரைக் காணுதல் அடுத்த கடன். இதனைக் கேட்கும் மாணவச் செல்வங்களே, இன்று மாலை உங்கள் அம்மம்மாவை வாய் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் வைத்தியரிடம் நீங்களே உடன் செல்லுங்கள்.