யானை கேட்டு எழுதிய பிள்ளைகளும் நம் ஏழாம் வகுப்பும்



போன வாரம் லைட்ஹவுஸ் குப்பத்தில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவள் பேத்தியின் வகுப்புப் பிள்ளைகள் வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு கம்ப்யூட்டரில் பேசுகிறார்கள். "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது சார்?" என்று கேட்டிருந்தாள்.

இருந்ததம்மா. 1920-களிலேயே ஜூனியர் ரெட் கிராஸ் மூலம் பல நாட்டுப் பள்ளிகள் தங்கள் ஊரைப் பற்றி ஆல்பம் தயாரித்து ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டன. அதைவிடப் பெரிய கதை ஒன்றும் உண்டு. வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மறந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல், டோக்கியோவின் உயேனோ மிருகக்காட்சி சாலையில் இருந்த மூன்று யானைகளையும் பட்டினி போட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை ஊருக்குள் புகுந்துவிடும் என்று பயம். போருக்குப் பிறகு அங்கே பிள்ளைகள் பார்க்க ஒரு யானைகூட இல்லை. 1949-ல் டோக்கியோ பிள்ளைகள் நம் பிரதமர் நேருவுக்கு, 'எங்களுக்கு ஒரு யானை வேண்டும்' என்று நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். ஓர் இந்திய வியாபாரி அவற்றை வாங்கி நேருவிடம் சேர்ப்பித்தார்.

நேரு மைசூரிலிருந்து ஒரு பெண் யானையைக் கப்பலில் அனுப்பிவைத்தார். அதற்குத் தன் மகள் பெயரையே வைத்தார்: இந்திரா. அது 1949 செப்டம்பரில் டோக்கியோ போய்ச் சேர்ந்தது. அதற்குக் கன்னடத்தில் சொன்னால்தான் புரியும். அதனால் ஜப்பானியப் பாகர்கள் கன்னடச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். இது தன்னுடைய பரிசு அல்ல, இந்தியப் பிள்ளைகள் ஜப்பான் பிள்ளைகளுக்குத் தரும் பரிசு என்று நேரு கூடவே கடிதமும் எழுதினார்.

1982-ல் இதைச் சொன்னதும் நம் ஏழாம் வகுப்பு, "நாமும் எழுதலாம் சார்" என்று பிடித்துக்கொண்டது. எனக்கும் ஆசைதான். பழவேற்காட்டுக்கு 1610-லேயே டச்சுக்காரர்கள் வந்துவிட்டார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். கணக்கும் கடிதமும் ஹாலந்துக்குப் போயின. நம் ஊரைப் பற்றி எழுதியவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளும் ஒருமுறை எழுதட்டுமே என்று நினைத்தேன்.

இருபத்தாறு பேர் எழுதினீர்கள். ஒருவன் பாடு முறையை விளக்கியிருந்தான்: ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்று முறை வைத்து நடக்கும் ஏற்பாட்டை, படம் போட்டு. ஒருத்தி பூநாரைகளைப் பற்றி எழுதினாள். இன்னொருத்தி, "இந்திரா இறால் சாப்பிடுமா? சாப்பிட்டால் எங்க அப்பா தருவார்" என்று கேட்டிருந்தாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கடிதங்களை நான் தபாலில் போடவே இல்லை.

தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்ப வேண்டும். என் ஆங்கிலத்தில் தப்பு இருந்தால் நம் பள்ளிக்கு அவமானம் என்று கூச்சப்பட்டேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். அப்போது பாலம் கிடையாது. காலையில் படகை விட்டு நான் இறங்கும்போதே, "பதில் வந்துச்சா சார்?" என்று ஓடிவருவீர்கள். "வரும்" என்பேன். 1983-ல் இந்திரா இறந்துபோனது. எனக்கு அது பல வருடம் கழித்துத்தான் தெரியும். நீங்கள் எழுதியபோது அது உயிரோடுதான் இருந்தது.

டோக்கியோ பிள்ளைகளின் கடிதங்களை ஒருவர் பொறுப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உங்களுக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியவன் நான். மன்னித்துவிடுங்கள்.

இருபத்தாறு கடிதங்களும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது அவரவர் கடிதத்தை அவரவர் கையில் தருவேன். இறால் கடிதம் எழுதியவளே, வீடியோ அனுப்பியதும் நீதான். அதைப் பேத்தியிடம் கொடு. அவள் வகுப்பு ஜப்பான் பிள்ளைகளோடு பேசும் நாளில் வாசிக்கட்டும். ஆங்கிலத்தில் தப்பு வந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் சார்