கைவானொலி: வந்த வழியும் வாங்கும் வகையும்

மலாயாவில் வளர்ந்த முதியவர்களிடம் ‘அவசரகாலம்’ என்று சொன்னால் அவர்கள் மனத்தில் எழுவது 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நீடித்த பன்னிரண்டு ஆண்டுகளே. இளையவர்களுக்கோ அச்சொல் வெள்ளம், மின்தடை, தொலைபேசித் துண்டிப்பு ஆகியவற்றையே குறிக்கும். இவ்விரு தலைமுறையார்க்கும் துணைநின்ற பொருள் ஒன்று உண்டு. அது மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பெட்டி.

“வீட்டில் கேட்பதற்கும் ஆபத்துக்கு உதவுவதற்கும் எத்தகைய கைவானொலி வாங்கலாம்?” என்று ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார். கடைக்காரரைக் கேட்டால் ஒலியின் இனிமையையும் பெட்டியின் அழகையும் கூறுவார். வரலாற்றைக் கேட்டால் வேறு விடை கிடைக்கிறது. வானொலியின் வளர்ச்சியை எழுதுவோர் வால்வு, டிரான்சிஸ்டர் என்று உள்ளுறுப்புகளின் வரலாறாகவே அதனை எழுதிச் செல்கின்றனர். கேட்டவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அது மின்கலத்தின் வரலாறாகவே தோன்றுகிறது. ஆபத்து வேளையில் பேசிய பெட்டி எது, ஊமையாய்ப் போன பெட்டி எது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது மின்கலமே.

1937ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றின்மேல் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் தன் நிலையத்தைத் திறந்தது. நகரத்துச் செல்வர் வீடுகளில் இருந்த பெட்டிகள் சுவரிலிருந்து மின்சாரம் பெற்றன. மின்கம்பி எட்டாத தோட்டப்புறங்களில் மின்கலப் பெட்டி ஒன்றே வழி. ஆனால் அக்காலத்து மின்கலப் பெட்டியை வைத்துக் காப்பாற்றுவது ஒரு பசுவை வளர்ப்பது போன்றது. நாள்தோறும் தீனி கேட்கும். வால்வினுள் இருக்கும் இழை சூடேறினால்தான் அது வேலை செய்யும். இழையைச் சூடாக்கக் குறைந்த அழுத்த மின்கலம் ஒன்று, வால்வை இயக்க 90 வோல்ட் போன்ற உயர் அழுத்த மின்கலம் மற்றொன்று என இரண்டு தேவைப்பட்டன. தொடக்ககாலப் பெட்டிகளில் முதலாவது, அமிலம் நிரம்பிய ஈயக்கலமாக இருந்தது. அது தீர்ந்ததும் பட்டணத்துக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வரவேண்டும். இரண்டாவது தீர்ந்தால் புதிதாக வாங்குவதன்றி வேறு வழியில்லை, விலையும் அதிகம். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் மின்கலங்கள் பயன்படுத்தாமலேயே கெட்டன. கைப்பிடி வைத்த பெட்டிகளும் அன்று வந்தன. ‘தூக்கிச் செல்லலாம்’ என்று விளம்பரம் செய்தார்கள். தூக்கியவர் தோளைக் கேட்டால் உண்மை தெரிந்திருக்கும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானிய ஆட்சியில் வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது குற்றம். சிற்றலை தடை செய்யப்பட்டது. பெட்டி கூடத்தில் இருந்தது, மின்சாரமும் இருந்தது. ஆனால் அது ஆள்வோர் விரும்பியதை மட்டுமே பேசியது. எந்த அலையைப் பிடிக்கும் என்பதும் உயிர்க்குரிய கேள்வி என்பதை இந்நாட்டு மக்கள் அன்று கற்றனர்.

சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தோர் உயிரைப் பணயம் வைத்து மறைவாக வானொலி கேட்டனர். போர்க்கைதிகள் தண்ணீர்க் குப்பிக்குள்ளும் துடைப்பத்துக்குள்ளும் மறைத்து வைக்கும் அளவுக்குப் பெட்டிகளைச் சுருக்கினார்கள். 1943 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு சிறுபடை சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தது. சிறையிலிருந்தோரே வானொலிவழியாக அதற்கு உளவு கூறினர் என ஜப்பானிய இராணுவப் போலீசார் ஐயுற்றனர். அக்டோபர் 10ஆம் நாள் சிறையைச் சோதனையிட்டனர். கைதானோர் 57 பேர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். சிறைக்கு வெளியிலிருந்து பணமும் செய்தியும் வானொலி உறுப்புகளும் அனுப்ப உதவியதற்காக எலிசபெத் சோய் அம்மையார் ஆறு மாதத்துக்கும் மேலாகச் சித்திரவதைக்கு ஆளானார். கப்பல் தகர்ப்புக்கும் சாங்கிக்கும் தொடர்பே இல்லை. செய்தி கேட்டதன்றி அவர்கள் செய்த குற்றம் வேறில்லை.

போருக்குப்பின் அவசரகாலம் வந்தது. 1950 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் காட்டோரங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் பல இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் வந்தன. அங்கெல்லாம் ஊரார் கூடிக் கேட்பதற்கென அரசாங்கம் மின்கல வானொலிகளை வைத்தது. அரசாங்கத்தின் நோக்கம் பிரசாரம் என்பதில் ஐயமில்லை. எனினும் கூடி நின்றவர்கள் செய்தியோடு பாட்டையும் கேட்டார்கள். தங்கள் மொழி ஒரு பெட்டியிலிருந்து வருவதையும் கேட்டார்கள்.

இதே சிக்கலை அந்நாளில் ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் ஆட்சியிலிருந்த வட ரொடீசியாவும் எதிர்கொண்டது. இன்று அந்நாட்டின் பெயர் சாம்பியா. அங்கே செய்தித்துறைத் தலைவராக இருந்த ஹாரி ஃபிராங்க்ளின், ஏழைகள் வாங்கத்தக்க பெட்டி ஒன்றைச் செய்து தருமாறு உற்பத்தியாளர்களைத் தேடி அலைந்தார். இறுதியில் எவர்ரெடி மின்கல நிறுவனம் இசைந்தது. 1949இல் வந்த அப்பெட்டியின் உடல், கைப்பிடி இல்லாத ஒன்பது அங்குல அலுமினியச் சட்டி! மேலே நீல வண்ணம். பிடிப்பது சிற்றலை மட்டும். விலை 5 பவுன். மின்கலம் தனியே 25 ஷில்லிங். அம்மின்கலம் 300 மணிநேரம் உழைத்தது. பெட்டி செய்ய முன்வந்தவர் மின்கலம் விற்பவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு இலாபம் எங்கிருந்தது என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டரே இந்நிலையை மாற்றியது. சூடாக்க வேண்டிய இழை அதில் இல்லை. உயர் அழுத்தமும் வேண்டா. வால்வுப் பெட்டி விழுங்கிய மின்சாரத்தில் சிறு பங்கே அதற்குப் போதும். 1954 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ரீஜென்சி என்னும் பெட்டி சட்டைப் பைக்குள் அடங்கியது, விலை 49.95 டாலர். மறு ஆண்டே, பின்னாளில் சோனி எனப் பெயர் மாறிய தோக்கியோ நிறுவனம் தன் டிரான்சிஸ்டர் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் ஜப்பானியப் பெட்டிகள் தென்கிழக்காசியா எங்கும் பரவின. ஊருக்கு ஒன்று என்றிருந்த வானொலி லயத்து வீட்டுக்கு ஒன்றாயிற்று. 1969 மே 13க்குப் பின் ஊரடங்கு எப்போது தளரும், எப்போது கடைக்குச் செல்லலாம் என்பதை மக்கள் வானொலியின் வாயிலாகவே அறிந்தனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரீஜென்சி பெட்டிக்கு 22.5 வோல்ட் மின்கலம் வேண்டும். அம்மின்கலம் இன்று மூலைக்கடையில் கிடைக்காது. வால்வுப் பெட்டியின் 90 வோல்ட் மின்கலமும் அவ்வாறே மறைந்தது. அப்பெட்டிகள் கெடவில்லை, அவற்றின் உணவுதான் இல்லாமற் போயிற்று. டார்ச் விளக்குக்குப் போடும் பெரிய கட்டையை ஏற்ற பெட்டிகளோ அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் பேசுகின்றன. இன்று கடைகளில் மிகுதியாக விற்பவை உள்ளேயே பூட்டிவைத்த லித்தியம் கலமுடைய பெட்டிகள். கைத்தொலைபேசி போல் மின்னேற்றிக் கொள்ளலாம்; நாளும் கேட்பதற்கு வசதிதான். ஆயினும் மூன்று நாள் மின்சாரமில்லாத இடத்தில் அவை ரீஜென்சியின் தம்பிகளே. ஆகவே நண்பருக்கு நான் கூறிய முதல் சொல், சாதாரணக் கட்டைகளை ஏற்கும் பெட்டியை வாங்குங்கள் என்பது. இரு வழியும் உடையது கிடைத்தால் நன்று.

கையால் சுழற்றும் பெட்டியைப் பற்றியும் அவர் கேட்டார். 1990களில் டிரெவர் பேலிஸ் என்னும் ஆங்கிலேயரின் எண்ணத்தில் உருவாகித் தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்ட முதற்பெட்டியில் கடிகாரத்தில் உள்ளது போன்ற வில் இருந்தது, மின்கலமே இல்லை. இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை உள்ளிருக்கும் சிறு கலத்துக்கு மின்னேற்றுபவை. ஆண்டுகள் சென்றால் அக்கலம் சோர்ந்துவிடும். எவ்வளவு சுற்றினாலும் பயன் குறைவு. துணைக்கு இருக்கட்டும், அதையே நம்பியிருத்தல் கூடாது.

அலையைப் பொறுத்தவரை, மலேசியாவின் மின்னல், சிங்கப்பூரின் ஒலி இரண்டும் பண்பலையில் வருகின்றன. வீட்டுக்கு அது இன்றியமையாதது. நீட்டும் கம்பி ஏறத்தாழ முக்கால் மீட்டர் இருந்தால் பண்பலை தெளிவாகக் கேட்கும். சிற்றலையைத் தேடித் தமிழ் கேட்ட காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு, சிற்றலையில் 2017 ஏப்ரல் 30ஆம் நாள் நின்றது. ஆயினும் உள்நாட்டு நிலையங்கள் ஓய்ந்தபோது எட்டத்துக் குரலைக் கொணர்வது சிற்றலையே என்பதால், விலை இடந்தந்தால் அதையும் சேர்த்து வாங்குவதை நான் வீண் என்று கருதேன். சாங்கிச் சிறையை நினைப்பவர்க்கு இதற்கு மேல் காரணம் வேண்டா.

“கைத்தொலைபேசி இருக்க வானொலி எதற்கு?” என்பாரும் உளர். 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தின்போது மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அற்றுப்போயின. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் ஸ்பெயினும் போர்த்துகலும் ஒரே நண்பகலில் மின்சாரம் இழந்தன. மாலைக்குள் கடைகளில் மின்கல வானொலிகள் விற்றுத் தீர்ந்தன. தெருவில் ஒருவர் பெட்டியைச் சுற்றிப் பலர் நின்று கேட்டனர். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் நாள் மாலை 6.20க்கு அபாயச் சங்கின் ‘முக்கியச் செய்தி’ ஒலி எழுப்பப்படுகிறது. அவ்வொலி கேட்டால் உள்நாட்டு வானொலியைத் திருப்ப வேண்டும் என்பது மக்களுக்குக் கூறப்பட்ட நெறி. திருப்புவதற்குப் பெட்டி வேண்டும் அல்லவா?

இத்தனையும் அறிந்தவன்போல் எழுதும் நானும் ஒருமுறை ஏமாந்தேன். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் வந்தபோது ஷா ஆலத்தில் உறவினர் வீட்டு மாடியில் இருந்தேன். கீழ்த்தளம் நீரில் மூழ்கியது, மின்சாரம் போயிற்று, தொலைபேசியில் உயிர் குறைந்துகொண்டிருந்தது. நானே தேர்ந்து வாங்கிக்கொடுத்த வானொலி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எடுத்துத் திருகினேன், ஓசையில்லை. பின்மூடியைத் திறந்தால் உள்ளே விட்டிருந்த கட்டைகள் கசிந்து, தகடுகளின்மேல் வெண்ணிறத் தூள் பூத்திருந்தது. சமையலறை மேல்மாடத்திலிருந்து புளியை எடுத்துவந்து கரைத்து, துணியால் தகடுகளைத் துடைத்தார் அவ்வீட்டுப் பாட்டி. சுவர்க் கடிகாரத்தின் கட்டையையும் தொலைக்காட்சிக் கைக்கருவியின் கட்டையையும் கழற்றிப் போட்டோம். சற்று நேரம் இரைச்சல். பிறகு தமிழில் செய்தி வந்தது. எந்தச் சாலைகள் மூடப்பட்டுள்ளன, நிவாரண மையம் எந்தப் பள்ளியில் என்று வாசித்தார்கள். பாட்டி காதைப் பெட்டியருகே வைத்து முழுவதும் கேட்டார். இப்போது அவ்வீட்டில் கட்டைகள் பெட்டிக்குள் இருப்பதில்லை. வாங்கிய மாதம் எழுதிய ஒரு பிஸ்கட் டின்னில், வானொலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.