சமூக வானொலியின் சக்தி வரம்பு: மன்னார்க் கரையும் பாம்பன் கரையும்

ஓர் ஊராரோ ஒரு தொழிலினரோ இலாப நோக்கமின்றித் தமக்கென நடத்தும் பண்பலை வானொலி நிலையம், எத்தனை வாட் சக்தியோடு, எவ்வளவு உயரமான கம்பத்திலிருந்து ஒலிபரப்பலாம் என்று அரசாங்கம் விதிக்கும் எல்லையே சமூக வானொலியின் சக்தி வரம்பு எனப்படும். அலைவரிசைகள் அளவுக்குட்பட்டவை, ஒரு நிலையத்தின் ஒலி மற்றொன்றின் ஒலியைக் கெடுக்கலாகாது, ஆதலின் இத்தகைய வரம்பு அவசியமே. அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் இவ்வகை நிலையங்களுக்கு 100 வாட்டை உச்சமாக வைத்தது.

இந்தியாவில் 2002இல் கல்வி நிலையங்களுக்கு மட்டும் திறந்த வாசல் வழியாக, 2004 பிப்ரவரி முதல் நாளில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வானொலி பிறந்தது. 2006இல் அவ்வாசல் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் திறக்கப்பட்டபோது, ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் வரையிலான பிரதேசத்துக்கு 100 வாட் போதுமென்றும், விசேஷத் தேவை நிரூபிக்கப்பட்டால் 250 வாட் வரை பரிசீலிக்கலாமென்றும், ஆண்டெனா 30 மீட்டரைத் தாண்டலாகாதென்றும் விதிக்கப்பட்டது. உழவர் கிராமத்துக்குப் பொருந்தும் இக்கணக்கு கடலோடிக்குப் பொருந்துமா என்னும் வினாவை, மீனவர்களுக்கென 2016இல் பாம்பனில் தோன்றிய ‘கடல் ஓசை’ நம்முன் வைக்கிறது.

பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவே அதன் முதல் தடையாகும். 30 மீட்டர்க் கம்பத்திலிருந்து புறப்படும் அலை, இரண்டு மீட்டர் உயரத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்கும் வள்ளத்தைச் சுமார் 28 கிலோமீட்டர் வரையிலேயே நேராகக் காண முடியும். அத்தொலைவில் 100 வாட்டின் ஒலி மெலிந்துவிடும். சக்தியை 250 வாட்டாக்கினாலும் அலையின் வலிமை ஒன்றரை மடங்களவே கூடும் என்பதால், வாட்டைக் காட்டிலும் உயரமே இங்கு முக்கியம். பாம்பன் அமைந்துள்ள அதே இராமேசுவரம் தீவில் அரசின் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர் உயர்ந்து நிற்பதை எண்ணுக.

அத்தீவின் முனையான தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கிழக்கே, இலங்கையின் மன்னார்க் கரையில் உள்ள தலைமன்னாரின் கதை வேறு. இலங்கையில் 1981இல் யுனெஸ்கோவின் துணையுடன் தொடங்கிய மகாவலி சமூக வானொலியும், 1989இல் கொத்மலையில் எழுந்த நிலையமும் அரசின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிர்வாகத்திலேயே வளர்ந்தன. சமூகங்களுக்கெனத் தனி உரிம வகை நெடுங்காலம் வகுக்கப்படவில்லை. அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்றும், அவற்றை ஆளும் சபை அரசாங்கத்தின் பிடியிலிருந்து சுதந்திரமாக இருத்தல் வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் 1997இல் உரைத்தது. உரிமமே வகுக்கப்படாதவிடத்து வரம்பு சிறிதா பெரிதா என்னும் விவாதத்துக்கே இடமில்லை. மன்னார்க் கரை ஊர்களான பேசாலைக்கும் வங்காலைக்கும் சிலாவத்துறைக்கும் இதுவே பெரிய குறையென்று கருதுகிறேன்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் நாளில், சொந்தப் பேச்சுவழக்கில் வரும் எச்சரிக்கை உயிர்காக்கும் பொருளாகும். ஆகவே மன்னார்க் கரைக்கு உரிமம் வகுப்போர், மீனவர் வலை விடும் தூரத்தை அளந்து கம்பத்தின் உயரத்தை நிர்ணயிக்க வேண்டும். எதிர்க்கரை நிலையங்களோடு மோதாதபடி இரு நாட்டு அதிகாரிகளும் அலைவரிசைகளைக் கலந்து பேசி ஒதுக்க வேண்டும்.