மூன்று உயிரும் முப்பது உயிரும்

தொண்ணூறுகளில் மதுரையில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். 'டிவி கேம்' ஊருக்குள் வந்த பிறகு அதன் ஜாய்ஸ்டிக்குகளும் என் மேசைக்கு வரத் தொடங்கின. பெரும்பாலும் ஒரே பழுதுதான். பி பொத்தானுக்கு அடியில் உள்ள ரப்பரில் கார்பன் தேய்ந்து போயிருக்கும். ஏ பொத்தான் ஓரளவு தப்பித்திருக்கும். என்ன ஆடினாய் என்று பையனைக் கேட்க வேண்டியதில்லை. பி சுடும், ஏ தாவும். காண்ட்ராதான்.

ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1987-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிக்காகச் செய்த விளையாட்டு அது. ஜப்பானியக் கதைப்படி காலம் கி.பி. 2633. நியூசிலாந்துக்கு அருகே கலூகா என்ற தீவுக்கூட்டத்தில் வேற்றுலகப் படை ஒன்று வந்து தங்கிவிடுகிறது. பில் ரைசர், லான்ஸ் பீன் என்ற இருவர் போய் அழிக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பின் கையேட்டில் எதிர்காலத்தைத் தூக்கிவிட்டு, கதையை இன்றைய தென்னமெரிக்கக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கதை எங்கே நடந்தால் என்ன? கடைசிக் கட்டத்தின் சதைச் சுவர்களும் துடிக்கும் இதயமும் 1986-இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு எங்கிருந்து வந்தவை என்று உடனே தெரியும். ஆங்கிலேய ஓவியர் பாப் வேக்லின் வரைந்த அட்டைப்படத்தில் நிற்பவரோ 'பிரிடேட்டர்' படத்து ஆர்னால்டேதான்.

ஜெர்மனியில் வன்முறை விளையாட்டுகளுக்குக் கெடுபிடி இருந்ததால், ஐரோப்பாவில் 1990-இல் வந்த வீட்டுப் பதிப்பில் மனிதர்களுக்குப் பதில் ரோபோக்கள் ஓடின. பெயரும் 'ப்ரோபோடெக்டர்' ஆனது. இயந்திரம் இயந்திரத்தைச் சுட்டால் பாவமில்லை என்று கணக்கு.

1988-இல் வந்த நின்டெண்டோ வீட்டுப் பதிப்பை ஆர்கேட் மூலத்துக்கு மேலே வைப்பேன். படம் எளிமையானதுதான், ஆனால் கட்டங்கள் நீண்டன, எட்டாகப் பிரிந்தன, கை சொன்னபடி கால் கேட்டது. அமெரிக்க கேசட்டில் இருந்த நிரல் மொத்தமே 128 கிலோபைட். ஜப்பானிய கேசட்டில் கோனாமி தன் சொந்தச் சிப்பை வைத்திருந்ததால் அங்கே மரங்கள் காற்றில் ஆடும், பனிக் கட்டத்தில் பனி பெய்யும். என் மேசைக்கு வந்த கேசட்டுகளில் மரம் ஆடியதில்லை. அதனால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஒரே குண்டு பட்டால் சாவு. உயிர் மூன்றே மூன்று. கேட்டால் கொடூரமாகத் தோன்றும், ஆனால் காண்ட்ரா நியாயமான ஆட்டம். எதிரியின் குண்டு கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகத்தான் வரும். தாவிய பிறகும் அந்தரத்தில் திசை மாற்றலாம். அதே கம்பெனியின் 'காசில்வேனியா'வில் தாவிவிட்டால் விழுந்தே ஆக வேண்டும். குப்புறப் படுத்தால் பல குண்டுகள் தலைக்கு மேலே போய்விடும். செத்தவன் டிவியைத் திட்ட வழியில்லை, தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கிகளிலும் யோசனை இருக்கிறது. எஸ் எழுத்தைப் பிடித்தால் குண்டுகள் விசிறிபோல ஐந்தாக விரியும். எல்லோருக்கும் அதுதான் வேண்டும். எல் எழுத்து லேசர். பலமானது, ஆனால் ஒரு கதிர் போய்ச் சேருமுன் மறுபடி அழுத்தினால் முந்தைய கதிர் அறுந்துவிடும். பொறுமை இல்லாதவன் கையில் அது வீண். செத்தால் பிடித்த துப்பாக்கியும் போய்விடும் என்பதுதான் உயிரை விடப் பெரிய நஷ்டம். குறையும் உண்டு: சுரங்க வழியில் முன்னோக்கி நகரும் இரண்டாம், நான்காம் கட்டங்கள் எனக்கு எப்போதும் சலிப்பு. முதல் கட்டத்துப் பாலம் காலடியில் வெடித்துச் சிதறும் ஓட்டத்துக்கு முன்னால் அவை எம்மாத்திரம்!

இருவர் ஆடினால் அது வேறு விளையாட்டு. அருவிக் கட்டத்தில் ஒருவன் அவசரப்பட்டு மேலே தாவினால் திரை நகர்ந்து கீழே நிற்பவன் சாவான். உயிர் தீர்ந்தவன் கூட்டாளியின் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம், அனுமதியும் கேட்க வேண்டாம். அண்ணன் தம்பிச் சண்டையில் வயர் அறுந்து வந்த ஜாய்ஸ்டிக்குகளை நிறையவே பற்றவைத்திருக்கிறேன்.

நம்மூருக்கு வந்தவை நின்டெண்டோவைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்த நகல் பெட்டிகள். சென்னை பர்மா பஜாரில், ரிச்சி தெருவில் குவிந்து கிடந்தவை. பிந்தைய பெட்டிகளைத் திறந்தால் உள்ளே ஒன்றுமிருக்காது. முழுக் கம்ப்யூட்டரும் போர்டில் ஒட்டிய ஒரு கறுப்புப் பொட்டுக்குள் இருக்கும். அது போனால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கேசட்டை வாயால் ஊதுவார்கள். எச்சில் ஈரம் செம்பு முனையைத் தின்னும். ரப்பர் வைத்து அழித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன்.

லட்சக்கணக்கில் விளையாட்டு என்று மேலே அச்சடித்த கேசட்டில் உண்மையில் சில பத்துகள்தான் இருக்கும். ஒரே காண்ட்ரா நாலைந்து பெயரில் வரும். சிலவற்றில் எடுத்த எடுப்பிலேயே முப்பது உயிர். அந்த முப்பதுக்கும் பூர்வீகம் உண்டு. 1986-இல் 'கிரேடியஸ்' விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்த கோனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, சோதிக்கும்போது தன்னாலேயே ஆட முடியாமல் ஒரு குறுக்குவழி வைத்தார்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. வெளியீட்டிலும் அது அப்படியே தங்கிவிட்டது. காண்ட்ராவில் முப்பது உயிர் தந்து உலகப் புகழ் பெற்றது. அவர் 2020-இல் காலமானார்.

அமெரிக்கப் பிள்ளைகளாவது அந்தச் சாவியை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தே வைத்துக் கொடுத்துவிட்டான் நகலடித்தவன். போதாததற்கு, பிடித்துக்கொண்டிருந்தாலே சுட்டுக்கொண்டே இருக்கும் டர்போ பொத்தான் வேறு. அதனால் கடைசிக் கட்டம் வரை போன பிள்ளைகள் ஏராளம். குண்டுக்கு ஒதுங்கத் தெரிந்தவர்கள் குறைவு. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டவர்களிடம் மூன்று உயிர்க் கேசட்டை வாங்கி வையுங்கள் என்பேன். பையன்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவான்கள் என்பார்கள்.

2024-இல் வந்த 'காண்ட்ரா: ஆபரேஷன் கலூகா'வில், ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்ற முடிவைக் கோனாமி ஆடுபவர்களிடமே விட்டுவிட்டது. சில அடிகள் தாங்கும் உடம்பும் உண்டு, ஒரே குண்டில் சாகும் உடம்பும் உண்டு. பேரன் முதலாவதை எடுக்கிறான். எனக்கு இரண்டாவது.