பக்கமேடையின் சப்தக்காரர்

தூத்துக்குடிக்கு அணித்தான காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்து, அத்துறைமுகத்து உப்புப் பண்டகசாலையில் சில காலம் கணக்கராக இருந்து, பிறகு அந்த உத்தியோகத்தைத் துறந்து நாடகத்தையே வாழ்வாக வரித்துக்கொண்ட சங்கரதாஸ் சுவாமிகளைப் பாட்டுக்கும் வசனத்துக்கும் ஆசிரியர் என்றே நாம் போற்றி வருகிறோம். அவருடைய நாடகங்களை அண்டி வளர்ந்த சப்தக் கலையைப் பேசுவார் இல்லாதிருப்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலான நாடகங்களை, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேரும் நடிகர்கள் ஒத்திகை ஏதுமின்றி ஓர் இரவு கூடி நடத்திப் பிரிவதே ஸ்பெஷல் நாடகம். அங்கே ஆர்மோனியக்காரரோடும் மிருதங்கக்காரரோடும் ‘ஆல்ரவுண்ட்’ என்னும் வாத்தியக்காரரும் அமர்ந்திருப்பார். பபூன் அடிபட்டாலும், இடறி விழுந்தாலும், கோபத்தில் காலை ஓங்கி மிதித்தாலும் அதற்குரிய சப்தத்தைத் தருவது அவர் கடமை. ஒத்திகையே இல்லாத இடத்தில், எந்தக் கணத்தில் கை ஓங்கும் என்பதை அவருக்கு முன்கூட்டிச் சொல்வார் யார்? நடிகரின் தோளசைவைக் கண்டே அடியை அறிந்து, அடியும் ஒலியும் ஒன்றாய்ப் பிறக்குமாறு செய்கிறாரே, அந்த அவதானத்தை வித்தை என்றே நான் மதிக்கிறேன்.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. 1933-இல் வள்ளி திருமணமும் 1934-இல் பவளக்கொடியும் மேடையிலிருந்து திரைக்கு ஏறின. சென்னையில் படத் தயாரிப்பாளர் நாராயணன் நிறுவிய ஸ்ரீநிவாஸா சினிடோன் ஸ்டூடியோவில் அவருடைய மனைவியார் மீனாட்சி ஒலிப்பதிவை ஏற்று நடத்தியது அக்காலத்துக்கு அரிய செயல். பாட்டையும் பேச்சையும் படப்பிடிப்பின்போதே பதிந்துகொண்ட அந்நாட்களில் வாத்தியக்காரர்கள் காமிராவின் பார்வைக்கு அப்பால் அமர்ந்து வாசித்தார்கள். பக்கமேடையே ஸ்டூடியோவுக்குள் வந்துவிட்டது எனலாம். படம் பிடித்த பிறகு ஒலியைத் தனியே சேர்க்கும் முறை வந்தபோதுதான், ஓடும் படத்தைப் பார்த்துக் காலடியோசையும் துணியின் சரசரப்பும் உண்டாக்குவது தனித் தொழிலாயிற்று.

அமெரிக்காவில் யூனிவர்சல் ஸ்டூடியோவில் அத்தொழிலை வளர்த்த ஜாக் ஃபோலியின் பெயர், அவர் உழைத்த படங்களின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறவில்லை. அத்தொழிலுக்கே அவர் பெயர் வழங்கியது பின்னாளில். நம் பழைய படங்களிலும் ஒலிப்பதிவாளருக்குக் கிடைத்த ஸ்தானம் சப்தம் எழுப்பினவருக்குக் கிடைப்பது அரிதாயிருந்தது. திருவிழாவுக்கு அச்சிடும் ஸ்பெஷல் நாடக நோட்டீஸிலோ, ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் கீழே, ஆல்ரவுண்ட் வாசிப்பவரின் பெயரும் ஊரோடு சேர்த்து அச்சாகிறது.