செனிகா கிராமம்
செனிகா கிராமம் என்பது நியூயார்க் நகரில், இன்றைய சென்ட்ரல் பூங்காவின் மேற்குப் பகுதியில், 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே 1825 முதல் 1857 வரை இருந்த குடியிருப்பு ஆகும். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வூரை வரைபடங்களும் அகழாய்வும் மீட்டெடுத்தன.

வரலாறு

1825இல் காலணிக்கு மெருகேற்றும் தொழில் செய்த ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இங்கு மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். மற்றவர்களும் தொடர்ந்து வந்தனர். நியூயார்க் மாநிலத்தின் 1821ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால் மட்டுமே கறுப்பின ஆண்கள் வாக்களிக்க முடியும். எனவே இங்கு வாங்கிய நிலம் வாக்குரிமைக்கும் வழியாக இருந்தது. 1855இல் ஏறத்தாழ 225 பேர் வாழ்ந்தனர். மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். எஞ்சியோரில் பெரும்பாலோர் ஐரிஷ் மக்கள். மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளியும் இருந்தன.

பூங்காவுக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டபோது, அப்பகுதி மக்களை அத்துமீறிக் குடியேறியவர்கள் எனச் செய்தித்தாள்கள் எழுதின. 1857இல் ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. பின்னர் அது பொதுநினைவிலிருந்தும் மறைந்தது.

வரைபடமும் அகழாய்வும்

நிலத்தைக் கையகப்படுத்துவதற்காக 1856இல் கார்ட்னர் சேஜ் தயாரித்த அளவை வரைபடம் மனைகளையும் வீடுகளையும் குறித்திருந்தது. ஊரை அகற்ற உதவிய ஆவணமே பின்னாளில் அதன் இருப்புக்குச் சான்றானது.

1990களில் ஆய்வாளர்களின் கவனம் இவ்வூர்மீது திரும்பியது. சிந்தியா கோப்லேண்ட், நான் ராத்ஸ்சைல்டு, டயானா வால் ஆகியோர் தேவாலயத்தாரையும் உள்ளூர் மக்களையும் கலந்தாலோசித்து ஆய்வை முன்னெடுத்தனர். பழைய வரைபடங்களை இன்றைய நிலப்பரப்போடு ஒப்பிட்டு, மண் மாதிரிகளும் நிலத்தடி ராடாரும் தந்த தகவல்களைக் கொண்டு தோண்டும் இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

2011ஆம் ஆண்டு அகழாய்வில், தேவாலயப் பணியாளர் வில்லியம் காட்ஃப்ரி வில்சனின் வீட்டு அடித்தளம் வெளிப்பட்டது. இரும்புத் தேநீர்க் கெண்டி, பீங்கான் துண்டுகள், சிறிய காலணி ஒன்று ஆகியவையும் கிடைத்தன. குடிசைவாசிகள் என்று இகழப்பட்டோர் கற்கடைக்கால் இட்ட வீட்டில் நிலையாக வாழ்ந்ததை இவை காட்டின.

இன்று

2019இல் பூங்காவில் விளக்கப் பலகைகள் வைக்கப்பட்டன. 1855ஆம் ஆண்டின் ஊரைக் காட்டும் முப்பரிமாண எண்ணிம மாதிரி 2024இல் இணையத்தில் வெளியானது. வரைபடங்கள், மக்கள்தொகைக் கணக்கு, அகழாய்வுச் சான்றுகள் ஆகியவற்றைக் கொண்டு அது உருவாக்கப்பட்டது. இடத்தைத் தோண்டாமலேயே யார் எங்கு வாழ்ந்தனர் என்பதை எவரும் அதில் காணலாம்.